சுண்டுவிரல் அகலம்

"அந்தப் பையனை மட்டும் கொஞ்சம் பாத்து நிறுத்தும்மா," என்று துணிக்கடைக்கார அம்மாள் ஒக்சுன்னின் காதைக் கடித்தாள். "கல்யாணம் வசந்தத்துலதான். அதுவரைக்கும் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"கவலையே படாதீங்க. எத்தனை மாப்பிள்ளைங்களைப் பாத்திருக்கேன்!"

ஒக்சுன் தன் எட்டு மாத வயிறு ஸ்டுடியோ காமிராவில் இடிக்காமல் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த தேஷிக்குக்கு அந்தப் பார்வை போதும். வருங்கால மாப்பிள்ளையின் தோளைத் தொட்டு, "நீங்க நல்ல உயரம். ஓரத்துல நின்னாத்தான் எடுப்பா இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி... அவ்வளவுதான்," என்றான்.

பையன் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினான். ஒக்சுன் படம் எடுத்தாள்.

"படத்தை இப்பவே பெருசு பண்ண வேண்டாம். கல்யாணம் முடியட்டும்," என்று சொல்லிவிட்டு அம்மாள் தன் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் தேஷிக் சிரித்தான். "பாவம், தன்னை அலங்காரத்துக்கு நிறுத்தியிருக்காங்கன்னு நெனச்சுட்டான்."

"சிரிக்காதீங்க. போன வருஷத்துக் கதை மறந்துபோச்சா? அந்த மாப்பிள்ளை பொண்ணு தோள்மேல கையைப் போட்டுட்டான். நிச்சயம் முறிஞ்சப்புறம் படத்துலேருந்து ஆளை வெட்டிட்டோம், கையை என்ன பண்றது? இன்னைக்கும் அந்த வீட்டுச் சுவத்துல யாரோ ஒருத்தன் கை தொங்குது."

அதற்குப் பிறகு அவள் வகுத்ததுதான் இந்த முறை. நிலைப்பாரா என்று தெரியாதவர் ஓரத்தில் நிற்க வேண்டும். பக்கத்து ஆளின் உடைகூட அவர்மேல் படக்கூடாது. நடுவில் ஒரு கை இடைவெளி. படத்தில் அது சுண்டுவிரல் அகலம்தான் வரும். கத்திக்கு அது போதும்.

பிற்பகலில் தேஷிக்கின் வீட்டார் வந்தார்கள். மாமனாருக்கு அறுபது நிறைகிறது. எல்லாரும் விசேஷத்துக்கான பட்டு ஹன்போக் உடை உடுத்தியிருந்தார்கள். ஒக்சுன்னும் உள்ளே போய்த் தன் இளஞ்சிவப்பு ஹன்போக்கை உடுத்திக்கொண்டு வந்தாள். மூன்று நாளாக அதைத் தேய்த்துத் தேய்த்து மடித்து வைத்திருந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருடம். மாமியார் வீட்டுச் சுவரில் ஒன்பது குடும்பப் படங்கள். ஒன்பதையும் எடுத்தவள் அவள்தான். ஒன்றிலும் அவள் இல்லை. "நீதானே படம் எடுக்கிறவ," என்பார்கள். முதல் குழந்தை நான்காம் மாதத்தில் வயிற்றிலேயே போனது, இரண்டாவது ஆறாம் மாதத்தில். அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இந்தமுறை மாமியாரே சொல்லியனுப்பியிருந்தாள்: "அவளும் நிக்கட்டும்."

மாமியார் கடைக் கண்ணாடிக்குள் இருந்த படத்தின் முன் நின்றாள். நூறாம் நாள் கண்ட ஆண் குழந்தை ஒன்று அதில் அம்மணமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் இங்க என் பேரன் உக்காரணும்," என்றாள்.

"உக்காருவான் அத்தை."

"பாப்போம்," என்றாள் மாமியார்.

காமிராவைத் தானாக இயங்கும்படி வைத்துவிட்டு ஓடி வந்து நிற்பதாகத் தேஷிக் ஏற்றுக்கொண்டான். "இன்னைக்கு நீ வேலை செய்யக்கூடாது," என்று அவளிடமிருந்து காமிராவின் கறுப்புத் துணியை வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவராக நிறுத்தினான். பெற்றோர் நாற்காலிகளில். அவர்களுக்குப் பின்னால், நடுவில், அவன் வந்து நிற்க ஓர் இடம். ஒருபுறம் தம்பி குடும்பம், மறுபுறம் தங்கையும் அவள் கணவனும்.

ஒக்சுன் நாத்தனாரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு ஒக்சுன். யாராவது வயித்துல இடிச்சிடப் போறாங்க."

"அடேயப்பா!" என்று நாத்தனார் கைகொட்டினாள். "அண்ணனுக்குப் பொண்டாட்டி மேல என்ன கரிசனம்! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, நான் பிள்ளை பெத்த அன்னைக்கு மீன் பிடிக்கப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ஒக்சுன்னுக்குக் காது மடல்கள் சூடாயின. ஆறு வருடத்தில் வீட்டார் முன்னிலையில் அவன் அப்படிப் பேசியதில்லை. சொன்னபடி தள்ளி நின்றாள். நாத்தனாரின் அகன்ற பாவாடையைத் தேஷிக்கே குனிந்து ஒதுக்கிவிட்டான். பிறகு ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றான்.

அவள் தன் வாழ்நாளிலேயே அவ்வளவு நன்றாக ஒரு படத்துக்குச் சிரித்ததில்லை.

புறப்படும்போது மாமியார் வாசலில் நின்று சொன்னாள். "பெருசு பண்றதுக்கு அவசரமில்லடா. பிரசவம் முடியட்டும்."

"சரிம்மா," என்றான் தேஷிக்.

மறுநாள் காலை அவன் காகிதம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிறிய பிரதியாவது பார்த்துவிட வேண்டும். இருட்டறைக்குள் போய், சிவப்பு விளக்கின் கீழ், தட்டிலிருந்த மருந்துநீரில் காகிதத்தை மெல்ல அசைத்தாள்.

முகங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மாமனார், மாமியார், நடுவில் தேஷிக். தோளோடு தோள், சட்டைக் கையோடு சட்டைக் கை, எங்கும் வெளிச்சம் நுழைய இடமில்லை. கடைசியாக ஓரத்தில் அவள் வந்தாள். வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துச் சிரித்தபடி.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஈரக் காகிதத்தின்மேல், நாத்தனாருக்கும் தனக்கும் நடுவில், தன் சுண்டுவிரலை வைத்தாள்.

அளவெடுத்ததுபோல் பொருந்தியது.