மணலுக்குள் ரோஜா

சமையலறை ஜன்னல் வெயில் நேராக அந்த பிஸ்கட் டின்னுக்குள் விழுகிறது. டின் நிறைய மெல்லிய வெள்ளை மணல். அதற்குள், போன மாதம் கடையில் மிஞ்சியபோது வாடுமுன் புதைத்துவைத்த ரோஜாக்கள். உருக்குலையாமல் காய்ந்து வந்தால், சாயங்காலமே தலை தொங்கிவிடும் பூ வருஷக்கணக்கில் விற்பனைக்கு நிற்கும். முதல் டின்னை அவசரப்பட்டுத் திறந்து, வெறும் இதழ்களாக அள்ளிய வயிற்றெரிச்சல் பூக்கடைக்காரிக்கு இன்னும் ஆறவில்லை. இன்று மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறாள். பிரஷ் நுனியால் ஒதுக்க ஒதுக்க மணல் சரசரவென்று சரிகிறது. ஒரு சிவப்பு விளிம்பு எட்டிப் பார்க்கிறது. ஈரக் கன்னமும் தோளில் துண்டுமாகக் கணவர் வாசலில் வந்து நிற்கிறார்.

"என் ஷேவிங் பிரஷ்ஷ எங்கயாவது பாத்தியா?"

"பேசாதீங்க. காத்து பட்டா உதிர்ந்துடும்."

அவர் அவள் கையைப் பார்க்கிறார். பிரஷ்ஷைப் பார்க்கிறார். பிறகு வாயைப் பொத்திக்கொள்கிறார். அவள் காம்புக்கடியில் விரல் நுழைத்து, ததும்பும் டம்ளரைத் தூக்குகிறவள்போலப் பூவைத் தூக்குகிறாள். மடிப்புகளிலிருந்து மணல் இழையாக ஒழுகி ஓய்கிறது. ஒரு இதழும் விழவில்லை. காகிதம்போல் லேசாக, கொஞ்சம் கருத்த சிவப்பில், முழு ரோஜா வெயிலில் நிற்கிறது. அவள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் மூச்சு விடுகிறார்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"அலமாரியில நாலு டின் இருக்கு."

அவர் தாடையைத் தடவிப் பார்க்கிறார். துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே போய், அடுத்த டின்னை அலுங்காமல் எடுத்துவந்து அவள் முன்னால் வைக்கிறார்.

"நானும் ரொம்ப நாளா தாடி வளக்கலாம்னுதான் இருந்தேன்."