நாலாம் நம்பர் ரத்தம்

"நாலாம் நம்பரைத் தூக்கிடும்மா."

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு சொன்னதும் மாணவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தேர்வுக் குழு உட்கார இன்னும் அரை மணி நேரம்தான்.

"எப்படி சார்? பன்னிரண்டு பேர்கிட்ட ரத்தம் எடுத்திருக்கோம். பன்னிரண்டையும் காட்டணுமே?"

உடம்பில் தேங்கும் நீர் பிரியக் கொடுக்கும் ஒரு மருந்து, நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களை என்ன செய்கிறது? அதுதான் அவளுடைய நாலு வருட உழைப்பு. தட்டில் வைத்துத் தூண்டிவிட்டால் அணுக்கள் விழித்துக்கொண்டு மளமளவென்று பெருகும். மருந்தைச் சேர்த்தால் சுணங்கிவிடும்.

பதினோரு பேர் ரத்தத்திலும் அப்படியேதான். நாலாம் நம்பர் மட்டும், மருந்தே சேர்க்காத தட்டிலும் சுணங்கிக் கிடந்தது. அது யார் ரத்தம் என்று அவளுக்குத் தெரியாது. நர்ஸ் எடுத்து, எண் ஒட்டிக் கொடுப்பதோடு சரி. ரத்தம் கொடுத்தவர்கள் எழுதிய படிவங்கள் கைடின் பொறுப்பில்.

"ஏதோ கோளாறு. காட்டினா குடைஞ்சு எடுத்துடுவாங்க."

"மூணு தடவை புதுசா ரத்தம் வரவழைச்சுப் பார்த்தேன் சார். அதேதான் வருது. காரணம் தெரியாம எப்படி மறைக்கறது?"

"சொன்னா கேளு. உன் நல்லதுக்குத்தான்." அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

ஆய்வுக் கணக்கில் ஒரு புள்ளியை மாற்றினாலும் லேபை விட்டே துரத்துவேன் என்று முதல் நாள் சொன்ன மனுஷர்! உபதேசமெல்லாம் அடுத்தவர்களுக்குத்தான் போல.

அவர் மனசு வைத்தால்தான் பட்டம். ஆனாலும் அவள் எதையும் அழிக்கவில்லை.

பயந்தபடியே ஆயிற்று. தேர்வாளர் நேராக அதில்தான் விரலை வைத்தார்.

"இது ஏன் இப்படி?"

"தெரியலை சார்..."

"தெரியலையா? தட்டை மாத்தி வெச்சிருப்பீங்க. அப்போ மத்த பதினொண்ணை மட்டும் எப்படி நம்பறது?"

அவள் கைடு பக்கம் திரும்பினாள்.

கைடு எழுந்தார். 'போச்சு, கைகழுவப் போறார்.'

"அவ மேல தப்பில்லை. எந்த மருந்தும் சாப்பிடலைன்னு நாலாம் நம்பர் படிவத்துல எழுதினது பொய். அந்த ஆளுக்கு இதயம் பலவீனம். ஆறு மாசமா இதே மருந்தைத்தான் சாப்பிடறார். வெளியே தெரிஞ்சா பதவி போயிடும்னு பயம்."

"அவர் பொய் சொன்னார்னு எப்படி சார் அடிச்சுச் சொல்றீங்க?" தேர்வாளர் விடவில்லை.

கைடு அந்தப் படிவத்தை மேஜைமேல் வைத்தார்.

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"