மைனாவுக்குக் கிடைத்த முதல் ஆள்

மனம் நொந்தவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று கொக்கு நடத்திய வகுப்பை முடித்த மைனாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. உதவி செய்ய ஓர் ஆளைத் தேடி ஊரெல்லாம் பறந்தது. வற்றிப்போன குளத்தில், ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஓர் ஆமை கிடந்தது.

"என்ன அண்ணே, என்ன கஷ்டம்? சொல்லுங்க, இப்பவே சரி பண்ணிடலாம்" என்றது மைனா.

"போயிடு" என்றது ஆமை.

அவசரப்பட்டுவிட்டோம் என்று மைனாவுக்குப் புரிந்தது. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தது. வெயில் ஏறியது. வாய்வரை வந்த யோசனைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தவளை, நண்டு எல்லாரும் ஏரிக்குப் போயிட்டாங்க. என்னை யாரும் கூப்பிடவே இல்ல."

ஏரிக்கு வழி மைனாவுக்குத் தெரியும். சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால், "கூப்பிடலையேன்னு மனசு வலிக்குதா அண்ணே?" என்று மட்டும் கேட்டது.

தலை மெல்ல வெளியே வந்தது. ஆமை வெகுநேரம் அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஏரி எந்தப் பக்கம்னு தெரியுமா தம்பி?" என்றது.

"தெரியும் அண்ணே! வாங்க, போகலாம்."

வழி நெடுக ஆமை பேசிக்கொண்டே வந்தது. மைனா சந்தோஷம் தாங்காமல் தத்தித் தத்தி, அதற்கு முன்னால் போய்விடாமல் கூடவே நடந்தது.