பதினோராவது தட்டு

பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் கோசலையின் வீடு நான்காம் மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை விரதத்தன்று பால்கனியில் காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். இந்த ஜூலையில் மூன்று சனிக்கிழமைகளாகத் தட்டு வழித்துத் துடைத்தபடி கிடந்தது. தட்டில் மட்டும் சாம்பல் படிந்திருந்தது. சாம்பலில் சின்ன விரல்களின் தடம்.

மேல்மாடியில் குடியிருக்கும் மதுரைக்காரி வர்ஷினி எரிமலைகளை ஆராய்பவள். அவள் சாம்பலைத் தன் ஆய்வகத்தில் பரிசோதித்தாள்.

“ஆன்ட்டி, இது தம்போரா எரிமலைச் சாம்பல். இந்தோனேசியாவுல 1815ல வெடிச்சது. அது வானத்தை மறைச்சதுல அடுத்த வருஷம் இங்க கோடையே வரல. பயிர் விளையாம ஜனங்க பட்டினி கிடந்தாங்க.”

“பிள்ளையளுமோ?”

“ஆமா. ஆனா இது இப்ப இங்க எப்படி வரும்? ப்ளீஸ், இனிமே வெளியில எதுவும் வைக்காதீங்க.”

“வைப்பன் பிள்ளை. பசியெண்டு வந்ததுகளுக்கு இல்லையெண்டு சொல்லேலாது.”

அடுத்த சனிக்கிழமை கோசலை பெரிய பானையில் உலை வைத்தாள். பத்துத் தட்டுகளில் சோறும் பருப்பும் போட்டு, பால்கனியில் வரிசையாக வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். தன்னுடைய தட்டை மேசையில் வைத்தாள். வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில்.

கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது பத்துத் தட்டுகளும் வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றின் சாம்பலிலும் ஒரு சின்னக் கையின் தடம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், அவளுடைய இடுப்பு உயரத்தில், பதினோராவது கை பதிந்திருந்தது.

கோசலை மேசையிலிருந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.