அமைதியான இடம்

மணி அடித்தாயிற்று. இனி இரண்டாவது மணி வரை எவரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த லண்டன் அலுவலகத்தில் திங்கட்கிழமைகள் இப்படித்தான் தொடங்கும். வேலைக்கு முன் தியானம். வராதவர்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள். பரிதாபமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

புத்தர் இந்த ஊரில் நன்றாகவே பிழைக்கிறார். சலூன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். குளியலறையில் சோப்புக்குப் பக்கத்தில் தலை மட்டுமாய் இருக்கிறார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மேலாளர் ஹெலன் இலங்கை போய்த் திரும்பியிருந்தாள். இன்று கண்ணை மூட வேண்டாம், இந்தப் படத்தைப் பார்த்து மூச்சு விடுங்கள் என்று மணிக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

திரையில் படம் விரிந்தது.

வெள்ளைப் புத்தர். புது விகாரை. பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி, அதில் தாமரை.

தொட்டி கப்பல் வடிவில் இருந்தது.

கடைசி வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

எந்த மடையன் குளிக்கிற தொட்டியைக் கப்பல் மாதிரிக் கட்டுவான்? அவளுடைய அப்பா கட்டினார். கப்பலேற ஆசைப்பட்டு, கடைசிவரை யாழ்ப்பாணத்தைத் தாண்டாத மனிதர்.

தொட்டிக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டைக் காணோம். மாமரத்தையும் காணோம்.

"சாகமுன்னம் ஒருக்கா எங்கட மண்ணில கால் வைக்கவேணும், பிள்ளை."

போன கிழமையும் அம்மா போனில் அழுதாள். ஊரைச் சுற்றி இராணுவம் போட்ட முள்வேலிக்கு வெளியே, சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ தரம் காவலரணில் போய்க் கெஞ்சிவிட்டாள். பாதுகாப்பு வலயம், யாரையும் விட முடியாது என்றார்கள்.

யாரையுமாம்.

அவளுக்குப் படத்தைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது. திரையில் விழுகிற வெளிச்சத்தை எங்கே பிடித்துக் கிழிப்பது?

இரண்டாவது மணி இன்னும் அடிக்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள்.

"அது எங்கள் வீட்டு வளவு. எங்களை உள்ளே விடுவதில்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. அதுதான் இவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

ஹெலன் வந்து அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதே! அங்கிருந்த இராணுவத்தினர் என்னிடம் எவ்வளவு அன்பாக இருந்தார்கள் தெரியுமா? மார்ச்சில் திரும்பவும் போகிறேன். நீயும் வா. உனக்கு நான் அனுமதி வாங்கித் தருகிறேன்."

ஓங்கி அறைந்துவிடலாம் போலிருந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இரண்டு பேருக்குக் கிடைக்குமா?"