மூணாம் ஓலை

"இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க இப்பவே சொல்லலாம்" என்று போதகர் கேட்டதும், எழுந்து நின்றது மாப்பிள்ளை பென்சன்.

"எனக்குத் தடை இருக்கு ஐயா."

ராஜபாளையத்தில் அந்தச் சர்ச் கட்டின நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன்கூடச் செத்த நேரம் நின்று கேட்டது என்றால் நம்பவா போகிறீர்கள்?

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அன்றைக்கு மூணாம் ஓலை. 'நேசையன் மகன் பென்சன், நடிகர்' என்றுதான் போதகர் வாசித்திருந்தார்.

"என்னப்பா தடை?"

"எம் பேரு சரி. அப்பா பேரு தப்பு. நேசையன் என் அப்பா இல்ல."

பிளவக்கல் அணையைத் திறந்துவிட்ட மாதிரி சபை இரைந்தது. பெண்கள் பக்கம் மணப்பெண் செலினா மட்டும் அசையவில்லை.

கடைசி பெஞ்சில் நேசையன் தலைகுனிந்தார். பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவர். கல்யாணமே ஆகாதவர். 'எவகிட்டயோ பெத்த பிள்ளை' என்று ஊர் சிரிக்கச் சிரிக்க இவனைத் தோளில் போட்டு வளர்த்தவர்.

"சினிமாவுல நாலு காசு பாத்ததும் அப்பன் கசக்குதோ?" என்றாள் பெண்கள் பக்கமிருந்து ஏசம்மாள்.

கமிட்டிச் செயலாளர் ராஜரத்தினம் துள்ளி எழுந்தார். "ஏலே, உன் வில்லத்தனத்தையெல்லாம் தியேட்டரோட வச்சுக்க. உக்காருலே!"

"உக்கார மாட்டேன். முப்பது படத்துல வில்லன் நான். குத்தியிருக்கேன், கொளுத்தியிருக்கேன். என்னைக் கட்டிப்பிடிச்சு செல்ஃபி எடுக்கிய. ஒரு குத்தமும் பண்ணாம என்னை வளர்த்த இவியளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிட்டிய!"

"குத்தம் பண்ணலியா? அப்ப நீ எப்படிலே வந்த?"

"தறிக்கொட்டகை வாசல்ல கிடந்தேன்."

ராஜரத்தினம் மெதுவாக உட்கார்ந்தார்.

"இவியகூடத் தறி ஓட்டின சமுத்திரம் மாமா சாகுறதுக்கு முந்தி எல்லாத்தையும் சொல்லிட்டாக. என்னை யாரோ போட்டுட்டுப் போயிட்டாக. ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல 'தகப்பன் தெரியாது'ன்னு எழுத இவியளுக்கு மனசு வரல. 'எம்புள்ளதான்'னுட்டாக. அந்த ஒரு வார்த்தைக்கு, நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுச்சு. முப்பத்தோரு வருசமா கெட்ட பேரு."

பென்சன் போதகர் பக்கம் திரும்பினான். நிமிர்ந்தே நின்றான்.

"எனக்குத் தகப்பன் பேரே வேண்டாம் ஐயா. நேசையனுக்குப் பிள்ளை கிடையாது, அவிய மேல ஒரு குத்தமும் கிடையாதுன்னு எழுதுங்க. எழுதினாத்தான் கல்யாணம்."

போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பேனாவை எடுத்தார்.

"செத்த பொறுங்க ஐயா."

நேசையன்தான். முன் பெஞ்சைப் பிடித்தபடி எழுந்து நின்றார். முப்பத்தோரு வருடத்தில் அந்தச் சபையில் அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"அவன் தொழிலே நடிப்பு. அதைப் போயி நம்புதியளே! தப்புப் பண்ணினவன் நான்தான். அவன் எம்மவன்தான். அந்த ஓலையில ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது, ஆமா!"