திருத்திய நோட்டு

ஆங்கிலக் கடிதப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு அவள் கொடுத்த மனு மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவரோ அவள் மேசையிலிருந்த ஆங்கில மாலை வகுப்பு நோட்டை எடுத்து, அலுவலகமே கேட்கும்படி வாசித்தார்.

"'ஐ ஹேட் கம் டு ஆபீஸ் ஆஃப்டர் ஐ ஏட்.' அடடா! சாப்பிட்டது முதல்ல, ஆபீஸ் வந்தது அப்புறம். முன்னாடி நடந்ததுக்குத்தானே ஹேட் போடணும்? இதுகூடத் தெரியாதா?"

"சார், அந்த நோட்டு..."

"பேசாதே. பக்கத்துக்குப் பக்கம் இதே கூத்து. இந்த மண்டைக்கு பாஸ்ட் பெர்ஃபெக்ட் ஒரு கேடா? போய்க் கழுதை மேய்க்கலாம்!"

சிவப்புப் பேனாவால் பக்கம் முழுக்க அடித்து, கீழே பெரிய முட்டை போட்டார். அதே பேனாவால் அவள் மனுவிலும் 'தகுதியில்லை' என்று எழுதினார்.

"எங்க வகுப்புல ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் திருத்தணும் சார். அது என்னோடது இல்ல" என்றாள் அவள்.

"அப்போ எந்த முட்டாளோடது?"

கதவைத் திறந்துகொண்டு கம்பெனி முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, என் நோட்டைத் திருத்திட்டியா? எத்தனை மார்க்?"

அவள் எழுந்து நின்றாள்.

"மேனேஜர் சாரே திருத்திட்டார் சார். மார்க்கையும் அவரே சொல்லுவார்."